மதுக்கரைக் கொத்தனார்

1. பூஜைக்குப் பிறகு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து லேபுக்குள் நுழைந்தபோது தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். சென்ட்ரிஃப்யூஜுக்கு நெற்றி எது என்று தெரியாமல் மூடி மேலேயே வைத்துவிட்டார்கள் போல. டீப் ஃப்ரீசருக்கு டிஸ்ப்ளே மேல் பெரிய பொட்டு. மைனஸ் எண்பது என்று ஒளிர வேண்டிய இடம் பொட்டுக்குப் பின்னால் இருண்டு கிடந்தது.

என்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த சுகன்யா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். சத்தியமங்கலத்துக்காரி. ஊரிலிருந்து வந்த பை தோளில் தொங்க, ஃப்ரீசர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், கரண்ட் போயிருந்தாலும் ஜெனரேட்டர் ஓடியிருக்கோணுமில்லீங்க?"

"ஓடியிருக்கணும்."

பின்னாலேயே எங்கள் துறைத்தலைவர் வேலுச்சாமி சார் வந்தார். பல்லடத்தில் தறிக் குடும்பம். பூஜை அன்று அவர்கள் வீட்டில் தறியின் மெயின் சுவிட்சை இறக்கி, அந்தக் கைப்பிடிக்கே பூச்சுற்றிக் கும்பிடுவார்கள். அவர் தலைவரான பிறகு வந்த முதல் பூஜை இது. அவருடைய ஆராய்ச்சி முழுக்கக் கம்ப்யூட்டரில். ஆஃப் செய்தாலும் கெட்டுப்போகாத வகை.

"மெயினை நாந்தானுங்க இறக்குனேன். வருசம் பூரா ஓடற மிசினு, பூஜைக்காச்சும் ரெஸ்ட் வேண்டாமுங்களா?" என்றவர், தரையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஏனுங்க, ஃப்ரீசருமா அதுல வருது?"

வந்தது. மின்வாரியம் கைவிட்டால்தான் ஜெனரேட்டருக்குத் தெரியும். நாமே மெயினை இறக்கினால் அதற்குத் தெரியாது. ஃப்ரீசர் அலாரத்தின் பேட்டரி செத்து வெகுநாளாகியிருந்தது. புது பேட்டரிக்கு நான் போட்ட இன்டென்ட் எந்த மேசையில் தவமிருந்ததோ.

"கொத்தனார் உள்ள இருக்காருங்க சார்" என்றாள் சுகன்யா. என்னிடம்தான் சொன்னாள். வேலுச்சாமி சார் பயந்துபோய் ஃப்ரீசருக்குள் எட்டிப் பார்த்தார்.

2. கொத்தனார் யார்

மதுக்கரை சுண்ணாம்புக்கல் குவாரி ஓரத்து மண்ணிலிருந்து சுகன்யா பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் ஏழாவது. டியூபின் மேல் எம்கே-7 என்றுதான் எழுதியிருக்கும். யூரியாவும் கால்சியமும் கலந்து கொடுத்தால் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புப் படிகம் கட்டும். அப்படிக் கட்டுகிற பாக்டீரியாக்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் மற்றதெல்லாம் எங்களுக்குக் கொடுத்தது பிஸ்கட் மாதிரி உதிர்கிற கட்டி. இது, சிரிஞ்சுக்குள் நிரப்பிய மணலைச் சில நாளில் கல்லாக்கியது. நிஜமான கல். சுகன்யா முதன்முறை சிரிஞ்சை அறுத்து அதை வெளியே எடுத்தபோது ஆளுக்கு ஒருமுறை மேசையில் தட்டிப் பார்த்தோம். பக்கத்து சிமென்ட் ஆலையில் மலையை உடைத்து, சூளையில் வேகவைத்துச் செய்கிற வேலையை, கண்ணுக்குத் தெரியாத ஒன்று நெருப்பில்லாமல் செய்திருந்தது. விரிசல் விட்ட சுவருக்குள் இதை விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு முழுக்கப் பேசினோம். நான் மனதுக்குள் வெளிநாட்டுக் கருத்தரங்கில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றேன். என்னிடம் கோட்டு கிடையாது.

கொத்தனார் என்று பெயர் வைத்தது சுகன்யாதான். அன்றிலிருந்து அவருக்கு மரியாதைப் பன்மை.

அவரிடம் ஒரு குணக்கேடு இருந்தது. உணவு ஊற்றிய சின்னத் தட்டுகளில், பிளேட் மாற்றி பிளேட் மாற்றி வளர்த்தால் கொஞ்ச நாளில் கல் கட்டுவதை மறந்து, தின்று வளர்வது மட்டும் செய்வார். பணி நிரந்தரம் ஆனவுடன் பலருக்கு வருகிற அதே வியாதி. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஃப்ரீசரில் உறைந்திருக்கும் ஒரிஜினலிலிருந்துதான் எடுப்போம். பாதுகாப்புக்கு இரண்டு காப்பி வைத்திருந்தோம். அதே ஃப்ரீசரில் மேல் ரேக்கில் ஒன்று, கீழ் ரேக்கில் ஒன்று.

அவருடைய உண்மையான இனம் எது என்று அறிய அவர் டிஎன்ஏவை சீக்வென்சிங்குக்கு அனுப்ப வேண்டும். திட்ட நிதி வந்ததும் அனுப்பலாம் என்றிருந்தோம். சுகன்யாவின் ஆய்வேட்டில் பாதிக்கு மேல் அவர்தான். அவர் இல்லாவிட்டால் அவளுக்கு ஆய்வேடே இல்லை.

3. திரும்பி வந்தவர்கள்

உருகிப்போன டியூப் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் புது உணவுத் திரவத்தில் விட்டு, ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கரில் வைத்தோம். உயிர் இருந்தால் தெளிந்த திரவம் கலங்கலாகும். மறுநாள் பாதி டியூப்கள் கலங்கியிருந்தன. அதற்கும் மறுநாள் இன்னும் சில. யாருக்கும் வேண்டாத பாக்டீரியாக்கள் எல்லாம் கொழுகொழுவென்று எழுந்து வந்தன.

கொத்தனாரின் இரண்டு டியூப்கள் மட்டும் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தன.

வேலுச்சாமி சார் தினமும் காலையில் வந்து ஷேக்கர் முன்னால் நிற்பார். ஒருநாள், "அம்மணி, இன்னுங்கொஞ்சம் சூடு வெச்சுப் பாக்கலாமா?" என்றார்.

"வெச்சுப் பாத்துட்டேனுங்க சார்."

"சக்கரை சேத்துனா?"

"சேத்தியாச்சுங்க."

"நான் தெரிஞ்சு செய்யல கண்ணு."

"தெரியுமுங்க சார். பரவால்லீங்க."

எங்கள் பக்கத்து மரியாதைக்கு இந்த ஒரு கொடுமை உண்டு. அவள் திட்டியிருந்தால் மனிதர் மத்தியானம் சாப்பிட்டிருப்பார்.

4. குவாரி

மறுபடி மதுக்கரைக்குப் போனோம். பழைய இடத்திலேயே மண் எடுத்தால் அவருடைய சொந்தக்காரர்களாவது கிடைப்பார்கள் என்பது கணக்கு. நான் ஓட்டினேன், சுகன்யா முன்னால், பின்சீட்டில் சாம்பிள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலுச்சாமி சார்.

இடம் இருந்தது. மேடு இல்லை. அவள் உட்கார்ந்து மண் சுரண்டிய விளிம்பு இருக்க வேண்டிய உயரத்தில் காகம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. கீழே லாரிகள் சின்னதாகத் தெரிந்தன.

குவாரி சூப்பர்வைசரிடம் கேட்டோம். "அந்த மேடுங்களா? அதெல்லாம் வெட்டி அனுப்பியாச்சுங்க. இந்நேரம் யாரூட்டுச் சொவத்துலயோ இருக்கும்."

எனக்கு ஒரு கணம் ஆசை துளிர்த்தது. முகத்தைப் பார்த்தே சுகன்யா கண்டுபிடித்துவிட்டாள்.

"சூளையில வெந்திருக்குமுங்க சார். ஒண்ணும் மிஞ்சாது."

சுற்றுவட்டாரத்தில் கிடைத்த மண்ணையெல்லாம் அள்ளினோம். அதற்குப் பிறகு வேலுச்சாமி சார் எந்த ஊர் போனாலும் மஞ்சப்பையில் மண்ணோடு வந்தார். "இது எங்க தோட்டத்துக் கெணத்து மேடுங்க", "இது சம்பந்தி ஊட்டுப் பழைய காரைச் சொவருங்க." ஒருமுறை கோழிப்பண்ணை மண் கொண்டுவந்தார். அன்றைக்கு லேபில் யாரும் டீ குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சுகன்யா வரிசையாகப் பிளேட் போட்டாள். பிஸ்கட், பிஸ்கட், பிஸ்கட்.

5. வைவா

கடைசியில் அந்தப் பிஸ்கட்காரர்களை வைத்தே ஆய்வேட்டை எழுதினாள். அதற்குக் கூடுதலாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நல்ல ஆய்வேடு. பிழை இல்லாதது, யாருக்கும் தூக்கம் கெடாதது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "முன்னாடி ஒரு கருத்தரங்குல நீங்க ஒரு பாக்டீரியா காட்டினீங்களே, எம்கே-7. பிரமாதமா இருந்துச்சு. தீசிஸ்ல ஏன் காணோம்?"

வேலுச்சாமி சார் தலையைக் குனிந்துகொண்டார். மெயின் கதையை அவள் சொல்லிவிடலாம். சொன்னால் கேள்வி அவளைவிட்டு அவர் பக்கம் திரும்பிவிடும்.

"ஃப்ரீசர் நின்னுபோச்சுங்க சார். திரும்ப வரல" என்றாள். அவ்வளவுதான்.

தேர்வாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனவர் புரட்டவில்லை. "எனக்கும் ஒண்ணு இருந்துச்சும்மா" என்றார். "கெட்டுப்போன மோர்லேர்ந்து எடுத்தது." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

6. பாடம்

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முக்கியமான எதையும் இரண்டு காப்பி வையுங்கள். இரண்டும் இரண்டு கட்டிடத்தில் இருக்கட்டும். பக்கத்துத் துறைக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால், பேசிப் பழகி அவர் ஃப்ரீசரில் ஓர் ஓரம் வாங்குங்கள். எல்லா நிதியும் வந்தபின் செய்யலாம் என்று எதையும் தள்ளிவைக்காதீர்கள். பூஜைக்குப் பொட்டு வைக்கலாம், மெயினில் கைவைக்கக் கூடாது. இதெல்லாம் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடம்.

சொல்லிக்கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. சென்ற வருடம், வேறொரு மண்ணிலிருந்து எங்களுக்குப் புதிய பாக்டீரியா ஒன்று கிடைத்தது. கொத்தனாரைவிடக் கெட்டியான கல். குணமும் தங்கம், எத்தனை பிளேட் மாற்றினாலும் வேலையை மறப்பதில்லை. சீக்வென்சிங் முடிந்தது, மூன்று கட்டிடங்களில் காப்பி இருக்கிறது. பெங்களூரில் வேலையிலிருக்கும் சுகன்யாவுக்குச் சொன்னேன். அடுத்த லீவில் நேரே லேபுக்கு வந்தாள்.

மைக்ராஸ்கோப்பில் படிகங்களை வெகுநேரம் பார்த்தாள். ஃபோகஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க சார்" என்றாள், அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சொல்கிற குரலில்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது, கிடைத்த நாளிலிருந்தே. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"சார், மதுக்கரைக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமுங்களா?"

சாம்பிள் பைகளை அவள் எடுக்கவில்லை, சும்மா பார்த்துவிட்டு வரத்தான். நான் கார் சாவியைத் தேடினேன்.