முந்நூறு பேருக்குச் சமைப்பவரின் இருவர் சூப்

உலகில் சூப்பைக் கண்டுபிடித்தவரே இந்த ஆலைக் கேன்டீன் சமையல்காரர்தான். சூரியன்கூட அவரிடம்தான் நெருப்பு இரவல் வாங்குகிறது. ஆனால் முந்நூறு பேருக்குச் சமைத்தே பழகிய கை அது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து, மனைவியோடு முதல் குளிர்கால விடுமுறை. மூன்று நாளும் அவள் அடுப்படிப் பக்கமே வர வேண்டியதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டு பேருக்கான சூப்பில், பழக்க தோஷத்தில் ஒரு பிடி உப்பு விழுந்துவிட்டது.

"என்னப்பா, கடலையே காய்ச்சிட்டியா?" என்றாள், சித்தி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

"சத்தம் போடாதடி. உங்கம்மா எந்திரிச்சா, தள்ளுங்க நான் பண்றேன்னு வந்துருவா."

வீட்டில் உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. மறுபடி முதலிலிருந்து சமைக்கக் காய்கறி தேடிக் கடைகடையாக அலைந்து திரும்பினார். மனைவி போர்வையும் கிண்ணமுமாக மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போனீங்க? சூப்பு பிரமாதம். வாங்க, ஆறிடும்."

ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்பு கச்சிதம். அடுப்பில் சின்னப் பாத்திரம் போய், பெரிய பானை தளும்ப நின்றது.

வாசலில் மகள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்:

"நான் வெட்டுன கெழங்கு எல்லாம் ஒரே அளவுல இருக்கும். சூப்புல சிலது எலி கடிச்ச மாதிரி கெடக்கே, அதெல்லாம் யாரு வெட்டுனது?"