நான்காம் நிலையில் மூன்றாவது வருஷம்

டிரைவரம்மாவுக்கு வாய் நீளம் என்பது பஸ் டிப்போ முழுக்கத் தெரிந்த விஷயம். அவளுடைய ஒரே மகள் வாண்டு ஜிம்னாஸ்டிக்ஸில் பதக்கமாக அள்ளிக்கொண்டிருந்ததால் அந்த வாய் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது.

பள்ளி வகுப்புகளைப் போலப் படிப்படியாக ஏற வேண்டிய நிலைகள் அந்த விளையாட்டில் உண்டு. அன்று நடந்த போட்டியிலும் பதினொரு வயது வாண்டுதான் நான்காம் நிலையில் முதலிடம். அரங்கின் கழிவறை வரிசையில் முன்னால் நின்ற ஒரு தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "மூணு வருஷமா அதே நிலை, அதே ஆட்டம். அஞ்சாங்கிளாஸ் பிள்ளையை ரெண்டாங்கிளாஸ்ல உக்கார வச்சா முதல் மார்க் வராம எங்க போகும்?"

"வயித்தெரிச்சல் பேசுது," என்றாள் டிரைவரம்மா. இருவரும் போட்ட கூச்சலில் நடுவர் ஒருத்தி வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் குடைந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் விதித்தாளைத் தேடி எடுத்தாள். அடுத்த நிலைக்குப் போக முப்பத்திரண்டு மதிப்பெண் போதும். வாண்டு முதல் வருஷமே முப்பத்தாறு வாங்கியிருந்தாள்.

மறுநாள் மாலை பயிற்சிக்கூடத்தில் மெத்தைகளை அடுக்கிக்கொண்டிருந்த வாண்டுவின் பயிற்சி மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"அடிப்படை இன்னும் உறுதியாகணும்மா. முழங்கால் மடங்குது," என்றார் அவர்.

"முப்பத்தாறு வாங்கின காலு சார் அது! உங்க சுவத்துல கோப்பை குறையக் கூடாது, அதுதானே?"

"பஸ் ஓட்டுறவங்க பஸ்ஸைப் பாருங்க."

"அதைத்தான் சொல்றேன். ஏறினவங்களை மூணு வருஷம் ஒரே ஸ்டாப்ல நிறுத்தி வச்சா டிரைவரைச் செருப்பாலயே அடிப்பாங்க."

மகளை வேறு கூடத்துக்கு மாற்றுவதென்று முடிவு செய்தாள். அதற்கு மாஸ்டரின் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்துவிட்டார். டிரைவரம்மா வேலை முடிந்ததும் சீருடையோடு வந்து, பெற்றோர் பெஞ்சில் விதித்தாளும் கையுமாக உட்கார்ந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "உங்க பிள்ளை எத்தனை மார்க்? இது எத்தனாவது வருஷம்?" என்று விசாரித்தாள். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளின் வருஷங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். மாஸ்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அவள் மடியில் வீசிவிட்டுப் போனார்.

"ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்! உன் சண்டைக்குள்ள என்னை எதுக்கு இழுக்கிற?" என்று வாண்டு கத்தினாள். அதன்பின் இரண்டு மாதம், "பசிக்கல" என்பதைத் தவிர அம்மாவிடம் வேறு வார்த்தை கிடையாது.

புதிய கூடத்தில் எல்லாமே புதிது. பீம் என்கிற அந்தக் குறுகிய கட்டையின் மேல் பின்பக்கமாகக் கரணம் போட வேண்டும். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. கம்பியில் தொங்கித் தொங்கி உள்ளங்கை உரிந்தது. ஐந்தாம் நிலையின் முதல் போட்டியில் பீமிலிருந்து இரண்டு தடவை விழுந்து இருபத்துமூன்றாவதாக வந்தாள்.

மாஸ்டர் வேலை மெனக்கெட்டு அவர்களிடம் வந்தார். "இப்போ திருப்தியாம்மா?"

டிரைவரம்மா வாயைத் திறப்பதற்குள் வாண்டு முந்திக்கொண்டாள். "மூணு வருஷத்துல ஒரு நாளாவது இதைச் சொல்லிக்கொடுத்திருந்தா விழுந்திருக்க மாட்டேன் சார்." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "நீயும் பேசாத. கிளம்பு."

அடுத்த வருஷம் ஒன்பதாவதாக வந்தாலும் தேவையான மதிப்பெண் வாங்கி ஆறாம் நிலைக்குப் போனாள். பதக்கம் இல்லை. மாஸ்டரும் டிரைவரம்மாவும் இன்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. வாண்டு அம்மாவிடம் பேசுகிறாள், பெரும்பாலும் குறை சொல்வதற்கு.