ஏழாம் வகுப்பில் எழுந்த சத்தம்

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில், சத்தமே வராத வகுப்பு என்றால் என்னுடையதுதான். மூக்குக்கு மேல் கோபம் வரும் எனக்கு. முறைத்தாலே போதும், கப்சிப். படைப்பாற்றல் கல்வி வந்ததே, அந்தப் பெருமையெல்லாம் போயிற்று. இனி பிள்ளைகளே படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவாக உட்கார்ந்து பேசி, கேள்வி கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி கேட்க வேண்டுமாம்! நான் படித்தது வரலாறு. ஆள் இல்லையென்று அறிவியலையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். புத்தகத்தில் இருப்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால்? அந்த ஒரு பயம்தான்.

கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் பிள்ளைகள் முன்னால் போய் நின்றேன். "நாளைக்கு எல்லாரும் பேசணும். பேசாம உக்காந்திருந்தீங்க, தொலைச்சிடுவேன்" என்று மிரட்டினேன். பேசச் சொல்லி மிரட்டிய ஒரே டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பாடம், இயற்பியல் மாற்றமும் வேதியியல் மாற்றமும். அதிகாரி பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். குழுக்கள் முதலில் முணுமுணுத்தன. பிறகு, அம்மா பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், "களிமண்ண சூளையில வேக வெச்சா, அது எந்த மாற்றம்?" என்று போட்டாள் ஒரு போடு. பற்றிக்கொண்டது.

"மண்ணு மண்ணுதான். கெட்டியாவுது, அவ்ளோதான்" என்றான் ஒரு பையன்.

"போடா! வெந்தத தண்ணியில போட்டா திரும்பக் கொழையுமா? கம்பெனில ஒடைஞ்சதையெல்லாம் ஏன் குப்பைல கொட்டுறாங்களாம்?" என்று அவள் விடவில்லை.

நல்ல சண்டை. பரவாயில்லையே, தேறிவிடுவோம் போலிருக்கிறதே என்று எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போது அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்களே சொல்லுங்க. யாரு சொல்றது சரி?"

புத்தகத்தில் மெழுகு உருகுவது இருந்தது, காகிதம் எரிவது இருந்தது. களிமண் இல்லை. எல்லா முகங்களும் என்னையே பார்த்தன, அதிகாரியும்தான். மேசையில் ஓங்கி அடித்தேன்.

"என்ன சத்தம் இங்க? வாயை மூடுங்க எல்லாரும்!"

வகுப்பு அடங்கிவிட்டது. அவள் மனவரைபடத்தின் மேல் குனிந்துகொண்டாள். சத்தம் ஒன்றும் அப்படி அதிகமில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செத்தேன் என்று நினைத்தேன். வெளியே வந்த அதிகாரியோ குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இந்தச் சத்தம் ஒத்து வரலைங்க டீச்சர். மேலேருந்து சொல்றாங்க, என்ன பண்றது?" என்றார். பார்வைக் குறிப்பில் 'குழு விவாதம் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்பாடா என்றிருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் பெரிய வகுப்புப் புத்தகங்களை வாங்கிப் புரட்டினேன். வேதியியல் மாற்றம்தான், அவள் சொன்னதுதான் சரி. மறுநாள் அவளிடம் போய், "நேத்து என்னமோ கேட்டியே, இன்னொரு தடவை கேளும்மா" என்றேன்.

எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் இல்லீங்க டீச்சர். இனிமே பேச மாட்டேன்."