முதுகுவலி என்று சொல்லிவைத்தோம்

எனக்கு வந்தது மன அழுத்தம். தெருவுக்குச் சொன்னது முதுகுவலி. இந்த ஏற்பாட்டைச் செய்தவள் என் மனைவி. "மனசு சரியில்லைன்னா பைத்தியம்னுருவாக. டிஸ்க்குன்னு சொன்னா ஒருத்தரும் நோண்ட மாட்டாக," என்றாள். போடியில் ஜீப்பு ஓட்டுகிறவனுக்கு டிஸ்க்கு நழுவுவது சளி பிடிக்கிற மாதிரிதான், எவனும் சந்தேகப்படவில்லை. மருந்துக் கடையில் இடுப்பு பெல்ட்டு ஒன்றும் வாங்கி மாட்டிவிட்டாள். வாசலைத் தாண்டினால் பெல்ட்டு. இரண்டு வருடம் இப்படி ஓடியது.

அதற்கு முன்னால் பதினாலு வருடம் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கியவன் நான். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போவதும் சாயங்காலம் கூட்டிவருவதும் என் சோலி. காய் பறிக்க என் மனைவியும் அதே ஜீப்பில்தான் வருவாள். ஒரு திங்கட்கிழமை காலை, ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, சாவியைத் திருக எனக்குக் கை வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். "என்னய்யா, தூங்குறியா? வெரசா எடு, கங்காணி வைவான்!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தியவள் அவள்தான். நான் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டேன். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. படுத்தால் படுத்ததுதான். குளிப்பதற்குக்கூட அவள் வந்து எழுப்பவேண்டும்.

மாத்திரை எழுதித் தந்த டாக்டர்தான் சொன்னார், இதற்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு, மாதாமாதம் உதவித்தொகை வரும் என்று. எனக்கு எரிச்சலாக வந்தது. கையும் காலும் கல் மாதிரி வைத்துக்கொண்டு நான் போய் நிற்பதா? ஆனால் அவள் ஒருத்தி கூலியில் அரிசியும் மாத்திரையும் சேர்ந்து வாங்க முடியவில்லை. அட்டைக்காக அரசாங்கம் நடத்துகிற முகாமுக்குப் போனோம்.

பழக்க தோஷம், பெல்ட்டோடு போய்விட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனநல டாக்டரம்மா. "என்ன பண்ணுது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி, "முதுகுங்க, டிஸ்க்கு," என்றாள். சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போயிருந்தது. அவர் என் பெல்ட்டைப் பார்த்தார். எங்கள் டாக்டர் எழுதித் தந்த சீட்டைப் புரட்டாமலே, "எலும்புக்கு அடுத்த ரூம்பு," என்று திருப்பி நீட்டிவிட்டார்.

அடக் கொடுமையே! திருத்திச் சொல்வாள் என்று பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் எங்கள் தெருக்காரர் ஒருவர் வரிசையில் நின்றிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"முதுகு இல்லம்மா, மனசு," என்றேன், சத்தமாகவே. "ஒரு ஞாயித்துக்கெழம எஸ்டேட்டுல உரமூட்டை எறக்கிட்டு வெறும் வண்டியா வந்தேன். ஒரு வளைவுல, திருப்பாம விட்டா என்னன்னு தோணுச்சு. எப்படியோ திருப்பிட்டேன். மறுநா காலைல வண்டி நெறைய ஆளு. இவளும் இருந்தா. திரும்ப அந்த நெனப்பு வந்துட்டா? அதான் சாவியைத் தொடல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும். டாக்டரம்மா பேனாவை எடுத்தார், நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளிடம் கேட்டபோது இந்தத் தடவை உள்ளதைச் சொன்னாள். பிற்பாடு அட்டை வந்தது, உதவித்தொகையும் வருகிறது. வெட்கம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

முகாமிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை எப்போதும்போல வேறொருவர் ஜீப்பில் மலைக்குப் போனாள். என்ன நினைக்கிறாளோ, பயந்துவிட்டாளோ என்று பகல் பூராவும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சாயங்காலம் வந்தவள் தூக்குச்சட்டியைக்கூடக் கீழே வைக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதினேழு வளைவையும் இன்னைக்கு எண்ணிக்கிட்டே போனேன்யா," என்றாள். "ஒவ்வொரு வளைவுலயும் உன்னையத்தான் நெனச்சேன். எப்படிய்யா ஒத்தையா திருப்பிக்கிட்டு வந்த?"