மழை கேட்ட ஊரும் நன்மை கேட்ட தங்கச்சியும்

எங்கள் ஊர்க் கோவில் சவேரியாருக்கு. ஓட்டுக் கூரை, ஒற்றைக் கதவு, மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. பங்குச்சாமியார் மாதம் ஒரு தடவை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் சொல்லுவார், கொஞ்சம் அதட்டலோடு.

டிசம்பர் தொடக்கத்தில் திருநாள். கொடியேறியதிலிருந்து ஒன்பது நாளும் நவநாள். நான் கோவில்பட்டியில் பி.யு.சி. படித்த அந்த வருசம் ஐப்பசி எங்களை ஏமாற்றிவிட்டது. பருத்தி கணுக்கால் உயரத்தோடு நின்று முழித்தது. அதனால் நவநாள் முழுக்க ஊர் கேட்டது மழை ஒன்றைத்தான். தெலுங்கு பேசுகிற பக்கத்து ஊர்க்காரர்கள்கூட உப்பும் மிளகும் கொண்டுவந்து சவேரியார் காலடியில் கொட்டி, அவர்கள் பாஷையில் கேட்டுவிட்டுப் போனார்கள். அவருக்கு எல்லா பாஷையும் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை.

என் தங்கச்சி மட்டும் வேறொன்று கேட்டாள். புதுநன்மை, பூசையில் சாமியார் கையால் முதன்முதலாக அப்பம் வாங்குவது. முந்தின வருசமே வாங்கியிருக்க வேண்டியவள். திருநாள் நெருங்கும்போது அம்மை போட்டுப் படுத்துவிட்டாள். எங்கள் ஊரில் புதுநன்மை திருநாளன்று மட்டும்தான். தவறினால் அடுத்த வருசம். காத்திருந்த வருசத்தில் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயர்ந்துவிட்டாள். அம்மா வெள்ளைக் கவுனின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கினாள். ஞானோபதேச வகுப்பில் பொடிசுகள், "அக்கா, நீங்க நன்ம வாங்க வாரியளா, குடுக்க வாரியளா?" என்று கேட்டு அவளைப் பாடாய்ப் படுத்தின.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் வானம் கறுத்தது. விடிய விடிய மழை. காலையில் ஆண்கள் பாதிப் பேர் கோவிலுக்கு வராமல் புஞ்சைப் பக்கம் நின்று செடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் சவேரியாருக்கு ரெட்டை மாலை போட்டார்கள். எல்லாம் சரி, சாமியாரைத்தான் காணோம். பூசை நேரம் தாண்டி வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்துவிட்டது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். மழை பெய்த கரிசலில் எந்தச் சக்கரமும் உருளாது. சைக்கிளில் போனவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவான். தங்கச்சி தலையில் காகிதப்பூ முடியும் கையில் மெழுகுதிரியுமாகக் கோவில் படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தின ராத்திரியிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. நன்மை வாங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பது உபதேசியார் சட்டம். ஏட்டி, சாமியார் வந்துருவாரு என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஊரே சேந்து மழயக் கேட்டிய. நா ஒருத்தி கேட்டது அவருக்கு எப்படிண்ணே கேக்கும்?"

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. சும்மாவே ஒரு இடத்தில் இருக்க மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெயின் ரோட்டுப் பக்கம் போகிற ஓடையில் இறங்கினேன். அம்மா பின்னாலிருந்து ஏதோ ஏசியது காதில் விழுந்தது.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற பாதையில் கொஞ்ச தூரத்திலேயே சாமியார் நின்றார். ஜூன் மாச இடமாற்றத்தில் வந்தவர், கடற்கரை ஊர்க்காரர். கரிசலில் அவருக்கு இதுதான் முதல் மழை. மோட்டார் சைக்கிளின் மட்கார்டுக்குள் களி நிறைந்து, சக்கரம் எது மண் எது என்று தெரியவில்லை. ஒரு குச்சியால் நோண்டி எடுப்பார், ஒரு முழம் தள்ளுவார், மறுபடி அடைத்துக்கொள்ளும். இரண்டு காலும் யானைக்கால் மாதிரி இருந்தன. வண்டியை ரோட்டுக்கு ஏற்றித் திரும்பிப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஊரில் சொல்லிவிடு என்றார்.

என் தங்கச்சி கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். ராத்திரியிலிருந்து தண்ணிகூடக் குடிக்கவில்லை என்றதும் குச்சியைக் கீழே போட்டார்.

"தண்ணி குடிக்கலாமேப்பா. அந்தச் சட்டம் மாறி எவ்வளவோ வருசமாச்சே."

"ரோமாபுரியில மாறிருக்கும் சாமி. எங்க உபதேசியார்ட்ட இன்னும் மாறல."

சிரித்துவிட்டார். அப்புறம் பாதையைப் பார்த்தார். இதில் எப்படிடா வருவது என்றார். பாதை வேண்டாம் சாமி, ஓடையில் போவோம், கீழே மணல் என்றேன். மணல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகமே மாறியது. வண்டியை ரெண்டு பேருமாக இழுத்துப் போய் ரோட்டோரத்து டீக்கடையில் விட்டோம். பூசைச் சாமான் பை என் தலையில். நன்மை அப்பம் வைத்த செப்பை மட்டும் என்னிடம் தரவில்லை. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

முழங்காலளவு தண்ணீர், அடியில் நல்ல மணல். அதுவரை தள்ளாடிய மனுசன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. இங்கே வந்த ஆறு மாசத்தில் இன்றைக்குத்தான் காலுக்குத் தெரிந்த தரையில் நடக்கிறேன் என்றார். ஓடையிலிருந்து கோவில்வரை உள்ள துண்டு நிலம் மறுபடி கரிசல். அதில் அவர் ஒருமுறை உட்கார்ந்தே விட்டார். பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். உபதேசியார் தண்டவாளத்தை அடித்த அடியில் புஞ்சையில் நின்ற ஆண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

நடுப்பகலில் பூசை தொடங்கியது. பூசை உடுப்புக்குக் கீழே சாமியாரின் கால் இரண்டும் கறுப்பாகவே இருந்தன. கழுவத் தண்ணீர் கொண்டுவந்தவர்களிடம், முதலில் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டார். நெட்டையாக இருந்ததால் தங்கச்சியைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். சாமியார் நேராகக் கடைசிக்கு வந்து அவளிடமிருந்து ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டோம். வாயே திறக்கவில்லை. அம்மா பயந்துபோய்த் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். காய்ந்த வாயில் அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பல் படக்கூடாது, அதுவாகக் கரைய வேண்டும் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார். காகிதப்பூ முடி சரிந்து ஒரு காதில் தொங்க, கண் மட்டும் சிரிக்க, அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பந்தியில் இலை போட்டு மற்றவர்கள் பாதி சாப்பிட்டபிறகுதான் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு சாப்பிட்டாளே ஒரு சாப்பாடு.