வக்கார் பாய் மாட்டிய சைலன்சர்

வக்கார் அகமதுவுக்கு மூளை, மனசு எல்லாமே விரலில்தான். ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் செலக்ஷன் வேலை. மேஜையில் விரித்த தோலைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது ரிஜெக்ட் என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிர்தான் அவரைக் கவிழ்த்தது.

பொங்கல் லீவில் மனைவி முபஷ்ஷிராவோடு கன்னியாகுமரி வரை பைக்கிலேயே போகத் திட்டம். டூரிங் பைக்கும் வாங்கியாயிற்று. ஆனால் அதோடு வந்த சைலன்சரின் சூடு பின்னால் உட்காருகிறவள் காலைப் பொசுக்கியது. சரி, வேறு மாட்டலாம் என்று இருவரும் வேலூருக்குப் போனார்கள். சத்தம் கேட்டு வாங்கவேண்டாமா மனிதர்? குழாயைத் தடவினார், வெல்டிங்கை நகத்தால் சுரண்டினார், வெயிலில் திருப்பிப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிரேடு! மாட்டு."

"பாய், ஒருவாட்டி சவுண்டு கேட்டுடுங்க," என்றான் மெக்கானிக் கோபி. கேட்டார். கடகடவென்று உருளும் தோல் பதனிடும் டிரம்கள் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்ற காதுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

ஊர் திரும்பியதும் முபஷ்ஷிரா வண்டியை விட்டு இறங்கி, "காது ங்கொய்னு கத்துது. கன்னியாகுமரிக்கு நான் வரல. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க," என்றாள்.

"காதுல பஞ்சு வெச்சிக்கோ."

"வெச்சிக்கிட்டா நீங்க பேசறது எப்பிடிக் கேக்கும்?"

வக்காருக்குச் சுருக்கென்றது. அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், அம்மா, பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி தனியாகப் பேசுகிற ஒரே இடம் பைக்தான். அதையும் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று நொந்துபோனார்.

அடுத்த ஞாயிறு மறுபடி கோபியிடம் போனார்கள். "பழசு வேணாம், சுடுது. இதையே அடக்கிக் குடு. செலக்ஷன் இவங்க பண்ணட்டும்," என்று முபஷ்ஷிராவைக் காட்டினார். விரலை நம்பியது போதும்!

கோபி சத்தம் அடக்கும் உள்குழாயைச் சொருகினான். "ரிஜெக்ட்," என்றாள். ஆக்ஸிலரேட்டரை விட்டால் படபடவென்று வெடித்தது. புகை கசிந்த மூட்டுக்குப் புது வளையம் போட்டான். வெடி நின்றது, இரைச்சல் நிற்கவில்லை. "அதுவும் ரிஜெக்ட்." கோபி தலையைச் சொறிந்தான். பிறகு நீளமான வேறொரு உள்குழாயைத் தேடி எடுத்துப் போட்டு, லேப்டாப்பைச் செருகி பெட்ரோல் அளவையும் கொஞ்சம் கூட்டினான். "அக்கா, இப்ப ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க."

அமிர்தி ரோட்டில் வண்டி குறட்டை விடுவதுபோல மெல்ல உறுமிக்கொண்டு போனது. வக்காரின் தோள் பக்கமாகக் குனிந்து முபஷ்ஷிரா சொன்னாள்:

"ஏங்க, ஷூ ஃபேக்டரில தையல் செக்ஷனுக்கு சூப்பர்வைசரா கூப்புடறாங்க. சேரட்டுமா?"

"அல்லா! எப்ப கூப்ட்டாங்க? ஏன் சொல்லல?"

"சொன்னனே. போன வாரம் இந்தக் குழாய மாட்டிக்கினு வர்றப்ப வழியெல்லாம் அதத்தான் சொல்லிக்கினு வந்தேன். நீங்களும் தலைய தலைய ஆட்டினீங்க. அப்புறம் வீட்ல அதப் பத்தி வாயே தொறக்கல. சரி, புடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

வக்கார் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"சேர்ந்துடு," என்றார். "அம்மாகிட்ட நான் பேசறேன்."

"பொங்கல் கழிச்சி வர்றேன்னு சொல்லிடறேன்," என்றாள். "கன்னியாகுமரி போய்ட்டு வந்துடலாம்."