சுவரை உடைக்க அனுமதி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு காலை நேரம். திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த நான்கு மாடிக் குடியிருப்பில் பூச்சு வேலை முடிந்து, உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

நானும் என் கணவரும் சேர்ந்து கட்டுமான நிறுவனம் நடத்துகிறோம். அலுவலகம் அவர் பொறுப்பு, சைட் முழுக்க என் பொறுப்பு. இது தவிர எனக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று ஓவியம். காலையில் கிளம்பும் முன் கொஞ்ச நேரமாவது வாட்டர் கலரில் எதையாவது வரைந்துவிடுவேன். இன்னொன்று மலையேற்றம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு குழுவோடு சேர்ந்து இமயமலைப் பக்கம் போய்விடுவேன். கயிறு கட்டி ஏறுவதற்கு முறையாகப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். "சிமென்ட் மூட்டை நடுவுல நின்னுகிட்டு உனக்கு எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அந்தக் கட்டடத்தின் பக்கச் சுவர் மெயின் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. மாடிக்கு ஒரு பாத்ரூம் வெண்டிலேட்டர், அவ்வளவுதான். ஜன்னலே கிடையாது. அத்தனை பெரிய சுவரை வெறும் சுண்ணாம்போடு விட எனக்கு மனம் வரவில்லை. ஓவியம் வரையலாம் என்றேன்.

"அப்போ மலைய வரைஞ்சிடலாம். எல்லாருக்கும் புடிக்கும்" என்றார் கணவர்.

நிமிர்ந்தால் மலை தெரிகிற ஊரில் சுவரிலும் மலை எதற்கு? தலையில் கலவைச் சட்டியோடு நிற்கும் ஒரு பெண்ணை வரையலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எங்களிடம் வேலை பார்க்கும் சித்தாள் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து அதற்காக நின்றார். நின்று முடித்ததும், "மூக்குத்திய மட்டும் பெருசா போட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

வரைய வந்த ஓவியர் கீழ்பென்னாத்தூர்க்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சாரத்தில் ஏறிவிட்டால் டீ குடிக்கக்கூட இறங்க மாட்டார்.

அன்று அவர் மூன்றாவது மாடி உயரத்தில் அந்தப் பெண்ணின் புடவை மடிப்புகளை வரைந்துகொண்டிருந்தார். அரக்குச் சிவப்பு. கிட்டத்தில் பார்க்கலாமே என்று நானும் பெல்ட் கட்டிக்கொண்டு ஏறி, சாரத்துக் கம்பியில் கொக்கியை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு மடிப்பு போடுங்க மேடம். நம்ம செவுருதான?"

வீட்டில் ஒரு முழம் தாளில் வரைகிறவளுக்கு, தன்னைவிட உயரமான ஒரு மடிப்பு. "இங்க கொஞ்சம் ஜாஸ்தியா அழுத்துங்க, அங்க கம்மி பண்ணிக்குங்க" என்று அவர் சொல்லச் சொல்ல இழுத்துக்கொண்டே போனேன். கீழே ரோட்டில் பஸ் போகிற சத்தம்கூடக் காதில் விழவில்லை.

பிறகு வேறொரு சத்தம் கேட்டது. ஏதோ ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து மனையில் பெரிய புளியமரம் ஒன்று உண்டு. அதன் உச்சிக் கிளையில் இருந்த மலைத்தேனீக் கூட்டைப் பருந்து ஒன்று அடித்துவிட்டதாம். கீழே நின்றவர்கள் பின்னால் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், திரும்பிப் பார்ப்பதற்குள் கழுத்திலும் காதிலும் நெருப்பு வைத்த மாதிரி எரிந்ததுதான்.

கீழே எல்லோரும் ஓடினார்கள். ஓவியர் இரண்டு கையாலும் முகத்தில் அடித்துக்கொண்டார். அடிக்க அடிக்க இன்னும் மொய்த்தன. பெயின்ட் கீழே சிந்தாமல் இருக்க, சாரத்துப் பலகையில் தார்ப்பாய் விரித்திருந்தோம். அதை இழுத்து இருவர் மேலும் போட்டு, அவரையும் உட்கார வைத்து, ஓரங்களைக் காலால் மிதித்துக்கொண்டேன். உள்ளே மாட்டிக்கொண்ட தேனீக்கள் சும்மா இருக்கவில்லை. ஆனாலும் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மலையில் இதைவிட மோசமான இடங்களில் உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒரு தைரியம்.

அந்தத் தைரியம் ஓவியரின் குரலைக் கேட்டதும் போய்விட்டது.

"மேடம்... மூச்சு... உட முடியல."

தார்ப்பாய்க்குள் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு தடித்துப்போய், கண் இரண்டும் மூடிக்கொண்டிருந்தது. சிலருக்குத் தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாது என்பதும், அப்படிப்பட்டவர்களுக்கு நேரம் அதிகம் கிடையாது என்பதும் மலையேற்றப் பயிற்சியில் சொல்லித் தந்தவை. ஏணி வழியாக இறக்கலாம் என்றால் அவரால் கம்பியைப் பிடிக்கவே முடியவில்லை. வெளியிலோ இரைச்சல் குறையவில்லை.

கைக்கு எட்டும் தூரத்தில் வெண்டிலேட்டர் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, தார்ப்பாயை விலக்கி, அந்தக் கண்ணாடியில் ஓங்கி ஓங்கி அடித்தேன். உள்ளே டைல்ஸ் மேஸ்திரியும் அவர் ஆளும் ஓடி வந்தார்கள். மேஸ்திரி எங்களோடு பல வருடங்களாக இருப்பவர். வெண்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை அவர் உள்ளிருந்து உருவிப் போட்டார். தலை மட்டும்தான் நுழையும். தேனீக்கள் அந்த வழியாக உள்ளே போய் அவரையும் கொட்டத் தொடங்கின. அவர் நகரவில்லை. கையில் சம்மட்டி வந்துவிட்டது. ஓங்கியவர் அப்படியே நிறுத்தி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், செவுத்த ஒடைக்கட்டா?"

எனக்கு ஒரு கணம் அவர் கேட்டதே புரியவில்லை. கன்னத்தில் இரண்டு தேனீக்கள் ஒட்டிக்கொண்டிருக்க, அந்த மனிதர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஒடைங்க! சீக்கிரம் ஒடைங்க!" என்று கத்தினேன்.

வெண்டிலேட்டருக்குக் கீழே செங்கல் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து எங்கள் மேலும் பலகையிலும் விழுந்தது. பலகை அதிர்ந்தது. ஓவியரின் தலையை என் மடியில் அழுத்திக்கொண்டு, முதுகைச் சுவர்ப் பக்கம் காட்டிக் குனிந்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே தடவித் தடவி அவருடைய பெல்ட் கொக்கியையும் என்னுடையதையும் கழற்றினேன். அந்தக் கைப்பழக்கம் மலை எனக்குக் கொடுத்தது. ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் அவருடைய தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பின்னால் நானும் ஊர்ந்து போனேன்.

படியில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வாசலில் யாரென்றே தெரியாத ஒரு ஆட்டோக்காரர், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டியை ஒட்டி நிறுத்தியிருந்தார். ரோட்டில் போனவர் கூச்சலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். அவரையும் தேனீக்கள் விடவில்லை. "ஏறுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். ஆஸ்பத்திரி வரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம்தான் ஓவியர் நன்றாகக் கண் திறந்தார். அவர் மனைவி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். இவரோ என்னைப் பார்த்து, "பிரஷ்ஷ கழுவி வச்சீங்களா மேடம்? காஞ்சா வீணாயிடும்" என்றார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

வீக்கம் வற்றியதும் அவர் திரும்பி வந்தார். ஓவியப் பெண்ணின் இடுப்பில் பெரிய ஓட்டை. மனசு கஷ்டப்படுவாரோ என்று பயந்தேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரி நல்லா பூசிக் குடுக்கட்டும், நான் போட்டுக்கறேன்" என்றார். மரத்துக்காரரிடம் பேசி, பழக்கப்பட்ட ஆட்களை வைத்துக் கூட்டை அகற்றிய பிறகுதான் சாரத்தில் ஏற விட்டேன். புதுப் பூச்சு வண்ணத்தை வேறு மாதிரி உறிஞ்சியதால் அந்த இடத்தில் சிவப்பு கொஞ்சம் கறுத்துத் தெரிகிறது. சரிசெய்ய வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

என் மனதில் வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஏன் நின்னு கேட்டீங்க? நேரா ஒடைச்சிருக்கலாமே?"

அவர் கலவையைக் குழைத்தபடியே சொன்னார். "முடிஞ்ச செவுத்துல ஆணி அடிக்கறதுன்னா கூட கேட்டுட்டுதான் அடிக்கணும்னு நீங்கதான மேடம் சொல்லியிருக்கீங்க. அதான் கேட்டேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. பழக்கத்தைச் சொன்னார். நான் போட்ட விதியில் தப்பும் இல்லை, தரமான வேலைக்கு அது வேண்டும்தான். ஆனால் அந்த விதி எவ்வளவு தூரம் போய் நின்றிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இன்றைக்கும் வரைகிறேன், மலையேறுகிறேன். முடிந்த சுவரில் யாராவது கேட்காமல் ஆணி அடித்தால் இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் சைட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், ஹெல்மெட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒன்று சொல்கிறேன்: "ஒரு உசுருக்கு ஆபத்துன்னா எத வேணாலும் ஒடைங்க, யாரையும் கேக்காதீங்க." கட்டுகிற எனக்கு உடைக்கச் சொல்லும் அந்த வார்த்தைதான், இந்தத் தொழிலில் நான் பேசியதிலேயே பொறுப்பான வார்த்தை என்று தோன்றுகிறது.